எச்சில் அனுப்பி வம்சம் கேட்டோம்: வீட்டு டி.என்.ஏ. கிட், மூன்று பேர் பயன்படுத்திய அனுபவம்

மூன்று கிட் வாங்கினோம். எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. தீபாவளித் தள்ளுபடியில் ஒன்று ஏழாயிரத்துச் சொச்சம் வந்தது. கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் நான் சொல்லும் குறைகளில் பாதிக்கு மேல் இந்த வகை கிட் எல்லாவற்றுக்கும் பொருந்தும், எந்தப் பெட்டியை வாங்கினாலும் நீங்கள் இதையே பார்க்க வேண்டியிருக்கும். நான் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறேன், மதுரைப் பக்கம். பல வருடமாக மெண்டலின் பட்டாணிச் செடியையே போர்டில் வரைந்து கொண்டிருந்தவளுக்கு, சொந்த டி.என்.ஏ.வை வைத்துப் பாடம் நடத்தலாமே என்ற ஆசைதான் இதை வாங்க வைத்தது. அந்த ஆசை நிறைவேறியது. ஆனால் கம்பெனி எதை விளம்பரம் செய்ததோ அதனால் நிறைவேறவில்லை.

முதலில் சாம்பிள் எடுக்கும் கதை. பெட்டிக்குள் ஒரு குழாய், வாயில் ஒரு சின்னப் புனல், மூடியில் ஒரு திரவம். துப்புவதற்கு முன் அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. கோடு வரை எச்சில் நிரம்பியதும் மூடியை அழுத்தினால் திரவம் இறங்கிக் கலக்கும், டி.என்.ஏ. கெடாமல் இருக்க அதுதான் உதவுகிறது. நுரை கணக்கில் வராது, அதைக் கையேட்டில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள், பெரிதாகப் போட்டிருக்க வேண்டும். வயதானவர்களுக்கு வாய் சீக்கிரம் காய்ந்து விடும், அம்மாவுக்கு இருபது நிமிடம் ஆனது. கன்னத்தை வெளிப்பக்கமாகத் தடவிக்கொண்டே புளியை நினைத்துக்கொள்ளச் சொன்னேன், அப்புறம்தான் ஊறியது. அம்மாவின் முதல் சாம்பிள் தேறவில்லை என்று மெயில் வந்தது. மதியம் வெற்றிலை போடும் பழக்கம் உண்டு, அதனாலா என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. மாற்றுக் குழாயை இலவசமாக அனுப்பினார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அதில் ஐந்து வாரம் போய்விட்டது. வீட்டில் வெற்றிலை போடுகிறவர்கள் இருந்தால் காலையில் எழுந்ததும் எடுத்து விடுங்கள்.

இப்போது ரிப்போர்ட். அதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், கம்பெனிக்காரர்கள் இதை முகப்பிலேயே சொல்லாதது எனக்குப் பெரிய வருத்தம். நம் ஒவ்வொருவரிடமும் அம்மா வழியில் ஒரு டி.என்.ஏ. தொகுப்பு, அப்பா வழியில் ஒரு தொகுப்பு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 கோடி வேதி எழுத்து நீளம். உறவில்லாத இரண்டு பேரை ஒப்பிட்டால் ஆயிரம் எழுத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வித்தியாசம் இருக்கும். இந்த கிட் அந்த 300 கோடியையும் படிப்பதில்லை. மனிதர்களிடையே வேறுபடும் என்று முன்பே தெரிந்த சில லட்சம் இடங்களை மட்டும் ஒரு சிப்பில் வைத்துப் பார்க்கிறது. கம்பெனி தந்த மூல ஃபைலில் எண்ணிப் பார்த்தேன், ஆறு லட்சத்து நாற்பதாயிரம் வரி. ஏறக்குறைய ஐயாயிரம் எழுத்துக்கு ஒரு எழுத்து. ஒரு தடிமனான புத்தகத்தில் நாலைந்து பக்கத்துக்கு ஓர் எழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கதை சொல்வது போல. அது தவறான முறை இல்லை, பல கேள்விகளுக்கு அதுவே போதும். ஆனால் "உங்கள் முழு மரபணு ரகசியமும் ஒரே பெட்டியில்" என்று அட்டையில் அச்சடிப்பது பொய்.

முன்னோர் பகுதிதான் எல்லோரும் முதலில் திறப்பது. வட்டமாக ஒரு படம், கலர் கலராகத் துண்டுகள். எனக்கு தென்னிந்தியம் 58 சதவீதம், இலங்கைத் தமிழர் 23, தெலுங்கு 12, குஜராத்தி 4, மீதி வகைப்படுத்த முடியாதது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நம்ம ஆளுக யாரும் கடல் தாண்டிப் போனதில்லையேடி, இது எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருந்தது. ஒப்பீட்டுக்குப் பொதுவெளியில் கிடைக்கும் தரவுகளைப் பயன்படுத்தியிருப்பதாக எழுதி, ஆயிரம் மரபணுத் தொகுதித் திட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டிருந்தார்கள்.

2015இல் நிறைவடைந்த அந்தத் திட்டத்தில் 26 மக்கள்கூட்டங்களைச் சேர்ந்த 2,504 பேரின் டி.என்.ஏ. இருக்கிறது. தெற்காசியாவுக்கு ஐந்து கூட்டங்கள்: லாகூர் பஞ்சாபியர், வங்கதேச வங்காளியர், அமெரிக்காவின் ஹூஸ்டனில் வாழும் குஜராத்தியர், பிரிட்டனில் வாழும் தெலுங்கர், பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர். கவனித்தீர்களா? தமிழ்நாட்டுத் தமிழர் என்று ஒரு கூட்டமே அதில் இல்லை. அப்படியிருக்க உசிலம்பட்டிக்காரரின் எச்சிலைக் கொடுத்து "இவர் யாரைப் போல இருக்கிறார்" என்று கணினியிடம் கேட்டால் அது என்ன செய்யும்? கையில் இருப்பதில் எது பக்கமோ அதைச் சொல்லும். இலங்கைத் தமிழர் 23 சதவீதம் என்றால் என் பாட்டியின் பாட்டி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார் என்று அர்த்தமில்லை. ஒப்பிடக் கையில் இருந்தவர்களில் என் டி.என்.ஏ.வின் அந்தத் துண்டுகளுக்கு லண்டன் பக்கம் ரத்தம் கொடுத்த யாரோ சில ஈழத்தமிழர்கள் நெருக்கமாகத் தெரிந்தார்கள், அவ்வளவே. நாலு மாதம் கழித்து ஒப்பீட்டுப் பட்டியலைப் புதுப்பித்ததாக மெயில் வந்தது. இலங்கைத் தமிழர் 23இலிருந்து 9 ஆகிவிட்டது. என் டி.என்.ஏ. அதே டி.என்.ஏ.தான், அவர்களுடைய அளவுகோல் மாறியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தைப் படத்துக்குக் கீழே இரண்டு வரியில் எழுதியிருந்தால், தெருவில் நாலு பேரிடம் "எங்களுக்கு சிலோன் வம்சம்" என்று சொல்லித் திரிந்திருக்க மாட்டான் என் தம்பி.

தம்பியின் படம் இன்னும் குழப்பம். அவனுக்குக் குஜராத்தி 9, எனக்கு 4. "ஒரே அப்பா அம்மாதானே அக்கா, எப்படி?" என்று கேட்டான். இதில் கம்பெனி மேல் தவறில்லை, இதுதான் மரபியலின் அழகான இடம். அம்மா தன்னிடமுள்ள இரண்டு தொகுப்பையும் வெட்டி ஒட்டிக் கலந்துதான் ஒவ்வொரு கருமுட்டைக்கும் ஒரு தொகுப்பைக் கொடுக்கிறாள், அப்பாவும் அப்படியே. ஒவ்வொரு முறையும் வெட்டு வேறு வேறு இடத்தில் விழும். அதனால் அப்பா அம்மாவிடமிருந்து வாங்கியதில் கூடப்பிறந்தவர்களுக்குள் பொதுவாகப் பாதிதான் ஒன்றாக இருக்கும், அதுவும் சராசரிதான். அம்மாவின் பங்கில் நான் வாங்காத பாதியில் தம்பி கொஞ்சம் வாங்கியிருப்பான். இதோடு 4க்கும் 9க்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் கணிப்பின் தடுமாற்றம்தான், அவ்வளவு சின்ன எண்ணை நம்பி எதுவும் பேசக் கூடாது.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது வேறொன்றில். நம் நாட்டைப் பற்றி உருப்படியாகத் தெரிந்த விஷயங்கள் எதுவுமே அந்த முப்பது பக்கத்தில் இல்லை. ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. என்ற மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையத்தின் தங்கராஜும் லால்ஜி சிங்கும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவின் பெரும்பாலான மக்கள்கூட்டங்கள் இரண்டு பழைய மூதாதைக் கூட்டங்களின் வெவ்வேறு விகிதக் கலப்பு என்று காட்டியது. 2013இல் அதே குழுவினரின் அடுத்த ஆய்வு, அந்தக் கலப்பு ஏறக்குறைய 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் பரவலாக நடந்தது, அதன் பிறகுதான் தத்தம் கூட்டத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம் இறுகியது என்றது. அதாவது இன்று "எங்கள் ரத்தம் சுத்தம்" என்று மீசை முறுக்குகிற யாரை எடுத்தாலும் கலப்பில் வந்தவர்தான். அதற்கும் முன்பு, 1972இலேயே அமெரிக்க மரபியலாளர் ரிச்சர்ட் லெவொண்டின் கணக்குப் போட்டுச் சொன்னார், மனித இனத்தின் மரபு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று. என் வகுப்பில் பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு இடையில் உள்ள வேறுபாடு அவ்வளவு பெரிது. இதைச் சொல்லாமல் கலர் துண்டு போட்டுக் கொடுத்தால், ஏற்கெனவே சாதிக்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கும் ஊரில் அது என்ன வேலை செய்யும் என்று அவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

தந்தைவழி, தாய்வழிப் பகுதி சுமார். தம்பிக்கு எம்130 வரும் என்று ஒரு எதிர்பார்ப்பு இருந்தது, ஏனென்றால் எங்கள் பக்கத்து ஜோதிமாணிக்கம் கிராமத்தில் காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழு அந்தப் பழைய அடையாளத்தைக் கண்டுபிடித்தது இங்கே எல்லோரும் கேள்விப்பட்ட கதை, ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்து ஆஸ்திரேலியா வரை போனவர்களின் ஒய் குரோமோசோம் அடையாளம் அது, அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்குவது. அவனுக்கு வந்தது எல் என்ற பிரிவு, தென்னிந்தியாவில் நிறையப் பேருக்கு இருப்பது. வாடிவிட்டான். பத்துத் தலைமுறை பின்னால் போனால் கணக்குப்படி 1,024 முன்னோர், ஒய் குரோமோசோம் அதில் ஒரே ஒருவரைத்தான் காட்டுகிறது, மீதி 1,023 பேரும் உன் முன்னோர்தானே என்று சொல்லித் தேற்றினேன். எங்களுக்கு அம்மா வழியில் வந்தது எம் என்ற பிரிவு, அதுவும் தெற்காசியாவில் மிகப் பரவலானது.

அடுத்து அந்தச் சிவப்புக் கட்டம். இதற்காகத்தான் இந்த விமர்சனத்தையே எழுத உட்கார்ந்தேன்.

என் ரிப்போர்ட்டில் பதினேழாம் பக்கத்தில் சிவப்பில் ஒரு கட்டம் கட்டி, "உங்கள் பெற்றோர் நெருங்கிய ரத்த உறவினர்களாக இருக்கலாம், மரபணு ஆலோசகரை உடனே அணுகவும்" என்று போட்டிருந்தது. தம்பிக்கும் அதே. இருக்கலாம் என்ன, அப்பா அம்மாவுக்குச் சொந்த அத்தை மகன். எங்கள் ஊரில் முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்றால் அதுதானே. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தக் கட்டத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரி பாத்திரம் கழுவும்போது மெதுவாகக் கேட்டார்: "நான் உங்கப்பாவைக் கட்டுனதால உங்க ரெண்டு பேருக்கும் ஏதும் வந்துருமா?" அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அந்தக் கேள்வியை அம்மா எந்த மனநிலையில் கேட்டிருப்பார் என்று நினைக்கும்போது இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கிட் விலையில் கால் மணி நேர ஆலோசகர் அழைப்பு ஒன்று அடக்கம். பேசினேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் திரையில் இருப்பதைத் திரும்ப வாசித்தார், "சிப் அப்படித்தான் காட்டுகிறது மேடம்" என்பதைத் தாண்டி நகரவில்லை. கடைசியில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நானே அம்மாவுக்கு வரைந்து காட்டினேன். அதை இங்கேயும் சொல்கிறேன், நம் வீடுகளில் பாதிப் பேருக்குத் தேவைப்படும்.

அத்தை மகன், மாமன் மகள் இருவருக்கும் ஒரு ஜோடித் தாத்தா பாட்டி பொது. அதனால் எனக்குக் கொள்ளுத் தாத்தா பாட்டி எட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர்தான். அந்தப் பொதுவான தாத்தா பாட்டியின் ஒரே துண்டு டி.என்.ஏ. அம்மா வழியாகவும் அப்பா வழியாகவும் இறங்கி வந்து என்னிடம் சந்திக்கலாம். அத்தை, மாமன் பிள்ளைகள் கல்யாணம் செய்தால் அவர்கள் குழந்தையின் டி.என்.ஏ.வில் சராசரியாகப் பதினாறில் ஒரு பங்கு இப்படி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், தாய்மாமனையே கட்டினால் எட்டில் ஒரு பங்கு. என் ரிப்போர்ட்டில் 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தது, கணக்கோடு ஒத்துப்போகிறது. அந்தத் துண்டுக்குள் ஒடுங்கு பண்பாக ஒளிந்திருக்கும் ஒரு நோய் மரபணு அகப்பட்டால் மட்டுமே வினை. ஒரு பிரதியில் மட்டும் இருந்தால் மற்றது சமாளித்துக்கொள்ளும், இரண்டும் ஒன்றாக வந்தால் சமாளிக்க ஆளில்லை. எந்தத் தம்பதிக்கும் குறைபாட்டோடு குழந்தை பிறக்க 2, 3 சதவீதம் வாய்ப்பு உண்டு. அத்தை, மாமன் பிள்ளைகள் என்றால் அதன் மேல் கூடுதலாக ஏறக்குறைய 2 சதவீதம், அதிகம் போனால் 3. கூடுதல் அபாயம் உண்மை, அதை மறைக்கக் கூடாது, நான் என் மாணவிகளிடம் சொந்தத்தில் கட்ட வேண்டாம் என்றுதான் சொல்லி வருகிறேன். ஆனால் பிறந்து, வளர்ந்து, நாற்பதைத் தாண்டி நல்லபடியாக இருக்கும் இரண்டு பேருக்குச் சிறுவயதில் வெளிப்படும் அந்த மாதிரி நோய்கள் வந்திருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும். அதைச் சொல்லாமல் சிவப்புக் கட்டம் கட்டி ஒரு தாயின் தலையில் குற்றத்தைத் தூக்கி வைப்பது எந்த நியாயம்? சொந்தத்தில் கட்டுவது அரிதாக இருக்கும் ஏதோ ஒரு ஊருக்கு எழுதிய வாசகத்தை அப்படியே நமக்கும் அச்சடித்திருக்கிறார்கள்.

சொந்தத்தில் கட்டாவிட்டாலும் ஒரே கூட்டத்துக்குள் பல நூற்றாண்டு கட்டி வந்தாலே இதே கதை நடக்கும் என்பதையும் ரிப்போர்ட் சொல்லவில்லை. ஆந்திரா, தெலங்கானாவின் வைசியர்களில் ஒரு மரபு மாற்றம் மற்றவர்களைவிட அதிகம், அது இருந்தால் அறுவை சிகிச்சையில் கொடுக்கும் ஒரு தசைத் தளர்த்தி மருந்தின் விளைவு நீண்ட நேரம் விலகாது. இப்படிப்பட்ட தகவல்தான் நமக்கு வேண்டியது.

உடல்நலப் பகுதியில் "மார்பகப் புற்றுநோய் மாற்றம்: காணப்படவில்லை" என்று பச்சை டிக் போட்டிருந்தது. எத்தனை மாற்றத்தைப் பார்த்தார்கள் என்று தேடினால் மூன்று. அந்த மூன்றும் அஷ்கெனாசி என்ற ஐரோப்பிய வழி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை, அவை இருக்கும் மரபணுக்களில் நோய்க்குக் காரணமாகும் மாற்றங்களோ ஆயிரத்துக்கு மேல் தெரியவந்திருக்கின்றன. அந்தப் பச்சை டிக்கை நம்பி ஒரு பெண் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிட்டால் என்ன ஆவது? இந்தப் பக்கத்தை எடுத்தே விட வேண்டும். அதே சமயம் தெற்காசியர்களில் நூற்றில் நாலு பேரிடம் இருக்கும் எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற இதயத் தசை மரபணுவின் 25 எழுத்து நீக்கம் ரிப்போர்ட்டில் இல்லவே இல்லை. 2009இல் அதை வெளியிட்ட குழுவில் எங்கள் காமராசர் பல்கலைக்கழகத்தாரும் இருந்தார்கள். அதோடு சேர்ந்து வரும் இன்னொரு மாற்றமும் இருந்தால்தான் இதய நோய் அபாயம் தெளிவாகத் தெரிகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. சரி, அதையும் சேர்த்தே எழுதலாமே. சர்க்கரை, இதய நோய் அபாய மதிப்பெண்களும் இப்படித்தான், அவற்றுக்கு அடிப்படையான ஆய்வுகளில் பெரும்பான்மையோர் ஐரோப்பிய வம்சாவளியினர், நமக்கு வரும்போது கணிப்பு பலவீனமாகி விடும்.

அம்மாவுக்கு "பால் ஒத்துக்கொள்ளாது" என்று வந்தது. தினம் மூன்று டம்ளர் காபி, மதியம் தயிர். குழந்தைப் பருவத்துக்குப் பிறகும் பால் சர்க்கரையைச் செரிக்க வைக்கும் மாற்றம் வடமேற்கு இந்தியாவில் அதிகம், தெற்கே வர வர குறைவு, அதனால் அம்மாவிடம் இல்லாதது சாதாரணம். காபிக்கு ஊற்றும் அளவு பாலைப் பெரும்பாலானவர்கள் தாங்குவார்கள், தயிரில் பாக்டீரியாக்களே பாதி வேலையைச் செய்து விடுகின்றன. அம்மா காபியை விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை.

இனி நல்லது. மூல ஃபைல் என்று ஒன்று தருகிறார்கள், கணக்கின் செட்டிங்ஸுக்குள் போய்த் தேட வேண்டும். அந்த ஒரு ஃபைலுக்கு நான் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அதில் டி.ஏ.எஸ்.2.ஆர்.38 என்ற கசப்புச் சுவை மரபணுவின் எழுத்துக்களைத் தேடி எடுத்தேன். தம்பிக்குக் கசப்பு தெரியும் வகை, எனக்குத் தெரியாத வகை. ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் பி.டி.சி. என்ற கசப்புப் பொருள் தடவிய தாள் வாங்கி வந்து நாக்கில் வைத்தோம். எனக்கு வெறும் காகிதம். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினான். 1931இல் வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸ் அமெரிக்காவில் ஆய்வகத்தில் பி.டி.சி. பொடியைக் கையாளும்போது காற்றில் பறந்தது பக்கத்தில் இருந்தவருக்குக் கசந்தது, ஃபாக்ஸுக்குக் கசக்கவில்லை, அப்படித்தான் இது வெளியே வந்தது. மறுவாரம் தாள்களை வகுப்புக்குக் கொண்டு போனேன். ஓங்கு, ஒடுங்கு என்று நான் வருடக்கணக்கில் கத்தியது அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளைகளுக்குப் புரிந்தது. ஒருத்தி தாளை வீட்டுக்குக் கேட்டு வாங்கிப் போய்ப் பாட்டி வரை சோதித்து மூன்று தலைமுறை வரைபடம் வரைந்து வந்தாள்.

தரவுப் பாதுகாப்பு. ஆராய்ச்சிக்குத் தரலாம் என்ற கட்டத்தில் அவர்களே டிக் போட்டு வைத்திருக்கிறார்கள், நீங்கள்தான் எடுக்க வேண்டும். இதே மாதிரி கிட்டுக்குப் பேர்போன அமெரிக்காவின் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது, 2025 மார்ச்சில் அது திவால் மனுவே போட்டது. பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றலாம், டி.என்.ஏ.வை என்ன செய்வது? அதுவும் உங்களுடையது மட்டுமில்லை, பாதி உங்கள் தம்பியுடையது, எட்டில் ஒன்று சித்தப்பா மகனுடையது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

வாங்கலாமா என்றால், வம்சம் தெரிந்துகொள்ள வேண்டாம், நோய் தெரிந்துகொள்ள நிச்சயம் வேண்டாம். சொந்தத்தில் கல்யாணம் பேசுகிறவர்கள் இந்தக் காசைக் கொண்டுபோய் இருவருக்கும் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்கான பரிசோதனை செய்யுங்கள், பெரிய ஆய்வகங்களில் கிடைக்கும், செலவும் குறைவு. குடும்பத்தில் யாருக்காவது ஏற்கெனவே மரபு நோய் இருந்தால் மருத்துவமனையின் மரபியல் பிரிவுக்குப் போங்கள், அங்கே பார்ப்பது வேறு வகைச் சோதனை. மரபியல் கற்றுக்கொடுக்கிறவர்கள், கற்க ஆசைப்படுகிறவர்கள் ஒரே ஒரு கிட் வாங்கலாம், தள்ளுபடியில்.

வாங்கினால் மூல ஃபைலை முதலில் இறக்கி பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை அழிப்பது வேறு, அவர்களிடம் இருக்கும் எச்சில் குழாயை அழிக்கச் சொல்வது வேறு, இரண்டுக்கும் தனித்தனியாக மெயில் எழுத வேண்டும். எங்களுக்கு முதலாவதற்கு அன்றைக்கே பதில் வந்தது, இரண்டாவதற்கு 23 நாள் ஆனது.